சுருள்வில்லும் திருகும்

போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூருக்கு இறங்கும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மேலே ஏலத்தோட்டத்துக் குளிர். கீழே முந்தலை நெருங்கும்போதே சமவெளியின் வெக்கை முகத்தில் அடிக்கும். இந்த இறக்கத்தில் அனுபவமுள்ள ஓட்டுநர் பிரேக்கை மட்டும் நம்பி வண்டியை விடமாட்டார். இரண்டாம் கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறக்குவார். அடிவாரத்தில் சாலை நேரானதும் ஆக்ஸிலேட்டரை மிதிப்பார். பழைய பெட்ரோல் வண்டியாக இருந்தால், அந்த நொடியில் புகைக்குழாயிலிருந்து நீலமாக ஒரு கொத்துப் புகை குபுக்கென்று வரும். சில விநாடிகளில் மறைந்தும் போகும். “வண்டி ஆயில் குடிக்குது” என்பார் பின்னால் வருபவர்.

அவர் சொல்வது சரிதான். ஆனால் ஆயில் எந்த வழியாக உள்ளே போகிறது என்பதை அந்தப் புகை வந்த நேரமே சொல்லிவிடுகிறது. பெட்ரோல் என்ஜினில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் திராட்டில் தகடு மூடிக்கொள்ளும். கீழே பிஸ்டன்கள் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உள்ளே வரக் காற்று இல்லை. அதனால் உறிஞ்சு குழாயில் அழுத்தம், வெளிக்காற்றின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். மேலே, வால்வுகளின் தண்டைச் சுற்றி, ஆயில் நிற்கிறது. தண்டைக் கவ்வியிருக்கும் சின்ன ரப்பர் சீல் வெப்பத்தில் இறுகி வெடித்திருந்தால், அந்த வெற்றிடம் ஆயிலைத் துளித்துளியாகக் கீழே இழுக்கும். 17 வளைவுகள் முழுக்க இழுத்த ஆயில், மிதித்த கணத்தில் மொத்தமாக எரிகிறது. அதுதான் நீலப் புகை.

அதே சாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லும் டீசல் ஜீப்புகள் இப்படி ஊதுவதில்லை. பழைய ஜீப்பின் டீசல் என்ஜினில் காற்றை அடைக்கும் தகடு கிடையாது; இறக்கத்தில் அத்தகைய வெற்றிடமும் உருவாகாது. அந்த ஜீப் நீலமாக ஊதினால் முதலில் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். பெட்ரோல் வண்டி இறக்கத்துக்குப் பிறகு மட்டும் ஊதினால் வால்வு சீலைச் சந்தேகிக்க வேண்டும்.

ஒரு வால்வு சீல் பெருவிரல் நுனி அளவுதான் இருக்கும். விலையும் சொற்பம். ஆனால் அதைத் தொட வேண்டுமானால், அதன் மேல் அமுங்கிக் கிடக்கும் ஒரு சுருள்வில்லை எடுத்தாக வேண்டும். அந்த வில்லை அமுக்கும் கருவிக்கு வால்வு ஸ்பிரிங் கம்ப்ரஸர் என்று பெயர். பல பட்டறைகளில் வால்வு லிஃப்டர் என்பார்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தக் கருவியைப் பற்றியும், அதற்குள் இருக்கும் அறிவியலைப் பற்றியும்தான் இந்த அத்தியாயம்.

நொடிக்கு 25 முறை

ஓம்னி வேனை எடுத்துக்கொள்வோம். 796 சிசி, மூன்று சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு வால்வு வீதம் மொத்தம் ஆறு. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் பால் கேன் முதல் பள்ளிக் குழந்தைகள் வரை ஏற்றிய வண்டி. வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம், சின்னாறு, கம்பம்மெட்டு, குமுளி என்று தமிழக-கேரள எல்லைச் சாவடிகள் எல்லாவற்றையும் கடந்து ஓடிய வண்டி.

என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், கேம் ஷாஃப்ட் அதில் பாதி, 1500 சுற்று சுற்றும். ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடும். ஒரு மணி நேரத்தில் 90,000 முறை. திறப்பது கேம், மூடுவது சுருள்வில். கேம் தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது. கேமின் மேடு கடந்துபோன பிறகு வால்வைத் திரும்ப இழுத்து, அதன் இருக்கையில் பொருத்தி, அடுத்த முறை திறக்கும்வரை அழுத்திப் பிடித்திருப்பது முழுக்க வில்லின் வேலை.

அந்தப் பிடி தளர்ந்தால் இரண்டு கேடு. ஒன்று, அதிவேகத்தில் வால்வு கேமின் வளைவோடு ஒட்டிப் போகாமல் அந்தரத்தில் மிதக்கும். முதல் கியரில் செங்குத்தான இறக்கத்தில் வேகத்தை விட்டுவிட்டால் என்ஜின் எல்லை மீறிச் சுற்றும். அந்த நேரத்தில் இது நடக்கலாம். இரண்டாவது, வெளியேற்று வால்வு வெந்துபோகும். ஓடும் என்ஜினில் அதன் தலைப்பகுதி 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த வெப்பத்தில் பெரும்பகுதி, வால்வு மூடியிருக்கும் நேரத்தில், இருக்கை வழியாகத்தான் சிலிண்டர் ஹெட்டுக்குள் இறங்குகிறது. வால்வு சரியாக உட்காரவில்லை என்றால் வெப்பம் இறங்க வழியில்லை. விளிம்பு கருகிப் பள்ளமாகிவிடும். ஆக, வில் வால்வை மூடுவதோடு அதைக் குளிர்விக்கவும் செய்கிறது.

கம்பி முறுகுகிறது

சுருள்வில்லை அமுக்கும்போது கம்பி வளைகிறது என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது முறுகுகிறது. ஈரத்துணியைப் பிழியும்போது துணி எப்படித் திருகிக்கொள்கிறதோ, அப்படி வில்லின் கம்பி தன் நீளம் முழுக்கச் சற்றே திருகிக்கொள்கிறது. ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்கும் அந்த முறுக்குகளின் கூட்டுத்தொகைதான் வில் குறுகுவதாக நம் கண்ணுக்குத் தெரிகிறது.

விசை எவ்வளவு கூடுகிறதோ, அந்த அளவுக்கே வில் குறுகும். இரட்டிப்பாக அமுக்கினால் இரட்டிப்பாகக் குறுகும். இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் 1676இல் இந்த விதியை எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக வெளியிட்டு, 1678இல் விடையைச் சொன்னார். பந்துமுனைப் பேனாவின் வில்லை நிறுத்தி, மேலே ஒரு தட்டு வைத்து, ஒரே மாதிரியான நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்கினால், ஹூக்கின் விதியை உங்கள் மேசையிலேயே அளந்து பார்க்கலாம்.

முறுக்கத்தில் இன்னொரு செய்தி உண்டு. வில்லின் விறைப்பு, கம்பித் தடிமனின் நான்காம் படியைப் பொறுத்தது. தடிமன் 10 சதவீதம் கூடினால் விறைப்பு 46 சதவீதம் கூடிவிடும். “பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கு” என்று வேறு வண்டியின் ஸ்பிரிங்கைப் போட்டுவிடுவது ஏன் தவறு என்பதற்கு இதுவே காரணம். கண்ணுக்குப் படாத வித்தியாசம் கேமைத் தேய்த்துவிடும், அல்லது வால்வை மிதக்க விட்டுவிடும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒவ்வொரு என்ஜினுக்கும் எண்கள் மாறும், முறை மாறாது. ஒரு மில்லிமீட்டர் அமுக்க 25 நியூட்டன் கேட்கும் ஒரு வில். அது ஹெட்டில் பொருத்தப்பட்டிருக்கும்போதே 10 மி.மீ. அமுங்கியிருக்கிறது. கழற்றுவதற்கு இன்னும் 8 மி.மீ. அமுக்க வேண்டும். மொத்தம் 18 மி.மீ. விசை 450 நியூட்டன். ஏறக்குறைய ஒரு சிமென்ட் மூட்டையின் எடை. அதற்குள் சேர்ந்திருக்கும் ஆற்றல் சுமார் 4 ஜூல். ஒரு கிலோ எடைக் கல்லை 40 செ.மீ. உயரத்திலிருந்து போட்டால் எவ்வளவு ஆற்றலோ, அவ்வளவு.

4 ஜூல் என்பது கேட்கச் சிறியது. ஆனால் அது 50 கிராம் எடையுள்ள வில்லின் மேலும் அதன் மூடித் தட்டின் மேலும் ஒரே கணத்தில் இறங்கினால், அவை மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் முகம் அப்போது ஒரு சாண் தூரத்தில் இருக்கும். கண்ணாடி அணியாமல் இந்த வேலையைத் தொடக்கூடாது என்று நான் வற்புறுத்துவது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஆப்பின் பிடி

இவ்வளவு விசையோடு மேலே எம்பும் வில்லை வால்வோடு கட்டி வைத்திருப்பது எது? போல்ட் இல்லை, நட்டு இல்லை. சின்னதாக இரண்டு எஃகுத் துண்டுகள். பட்டறையில் லாக் என்றும் காட்டர் என்றும் சொல்வார்கள். கூம்பை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்ததுபோல இருக்கும். வால்வுத் தண்டின் முனையருகே உள்ள வரிப்பள்ளத்தில் இரண்டும் எதிரெதிராக உட்காரும். அவற்றைச் சுற்றி, நடுவில் கூம்புத் துளையுள்ள ரீட்டெய்னர் என்ற தட்டு. வில் தட்டை மேலே தள்ளும். தட்டு மேலே போகப் போக, கூம்பு லாக்குகளை உள்நோக்கி நெருக்கும். லாக்குகள் தண்டை இன்னும் இறுகக் கவ்வும்.

மண்வெட்டிக் காம்பில் அடிக்கும் ஆப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்யச் செய்ய அது இறுகும். எந்த விசை அதைப் பிரிக்கப் பார்க்கிறதோ, அந்த விசையே அதைப் பூட்டிவிடுகிறது. பொறியியலில் இவ்வளவு மலிவான, இவ்வளவு நம்பகமான பூட்டு வேறொன்று எனக்குத் தெரியாது.

பல ஆண்டுகள் ஓடிய என்ஜினில் இந்த ஆப்பு வெறுமனே இறுகுவதோடு நில்லாமல், ஆயில் கரியும் சேர்ந்து ஒட்டிப்போயிருக்கும். கழற்ற வருகிறவர் முதலில் சந்திக்கும் தடை வில் இல்லை; இந்த ஒட்டல்தான்.

திருகின் கணக்கு

மலிவான கம்ப்ரஸர் என்பது ஆங்கில எழுத்து ‘சி’ போன்ற ஓர் இரும்புச் சட்டம். ஒரு முனையில் திருகு. அந்த முனை, ஹெட்டின் அடிப்பக்கமாகப் போய் வால்வின் தலையில் உட்காரும். மறுமுனையில் பக்கவாட்டில் திறந்த ஒரு வளையம். அது மேலே ரீட்டெய்னர் தட்டின்மேல் உட்காரும். திருகைத் திருப்பினால் இரண்டும் நெருங்கும். வால்வு நகராது, தட்டு மட்டும் கீழிறங்கும். லாக்குகள் இரண்டும் வெளியே தெரியும். வளையத்தின் திறந்த பக்கம் வழியாகக் காந்தக் குச்சியையோ இடுக்கியையோ விட்டு அவற்றை எடுத்துவிடலாம்.

திருகின் புரி இடைவெளி 1.75 மி.மீ. என்றும், கைப்பிடி மையத்திலிருந்து 50 மி.மீ. நீண்டிருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு முழுச் சுற்றில் கை 314 மி.மீ. நகர்கிறது, திருகு 1.75 மி.மீ. முன்னேறுகிறது. உராய்வே இல்லாத உலகில் நம் விசை 180 மடங்காகப் பெருகும். நம் உலகில் உராய்வு பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். ஏழில் ஒரு பங்கு மிஞ்சினாலும் 25 மடங்கு கிடைக்கும். 450 நியூட்டன் வில்லுக்குக் கையில் வேண்டியது 18 நியூட்டன். இரண்டு கிலோவுக்கும் குறைவு. பள்ளிச் சிறுமிகூடத் திருப்பிவிடலாம்.

அப்படியானால் உராய்வு தின்றுவிட்ட மீதி வீண்தானா? இல்லை. கொடுத்த வேலையில் பாதிக்கு மேல் உராய்வுக்குப் போய்விடும் திருகு, கையை எடுத்தாலும் தானாகத் திரும்பச் சுழலாது. கார் தூக்கும் திருகு ஜாக்கி ஏன் வண்டியின் பாரத்தில் தானே இறங்கிவிடுவதில்லையோ, அதே காரணம். நீங்கள் கையை எடுத்துவிட்டு, மூக்கைச் சொறிந்துகொண்டு, லாக்கைத் தேடி எடுத்து வரும்வரை வில் அமுங்கியபடியே காத்திருக்கும். நெம்புகோல் வகைக் கம்ப்ரஸர் வேகமானது. ஆனால் பூட்டுக் கொக்கி இல்லையென்றால், கை வழுக்கிய கணமே 4 ஜூலும் திரும்பி வந்துவிடும். தனியாக, முதன்முறையாக, வீட்டில் இந்த வேலையைச் செய்பவருக்கு மெதுவான திருகே ஏற்றது.

முற்றத்தில் ஒரு மாலை

சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு முற்றம். சாக்கு விரித்து அதன்மேல் ஓம்னியின் ஹெட். பாலிடெக்னிக்கில் படிக்கும் பையன் புதுக் கம்ப்ரஸரை மாட்டித் திருகிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு மெக்கானிக் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

“அண்ணே, நல்லாத் திருகியாச்சு. அசையவே மாட்டேங்குது.”

“இனித் திருகாதே தம்பி. சட்டம் விரியுது பாரு.”

பார்த்தேன். ‘சி’ சட்டத்தின் வாய் உண்மையிலேயே சற்று அகன்றிருந்தது. தட்டு ஒரு மயிரிழைகூடக் கீழே போகவில்லை. ஒட்டிப்போன ஆப்பு, வில்லின் விசையையும் தாண்டி வால்வைத் தட்டோடு கட்டி வைத்திருந்தது. திருகு கொடுத்த ஆற்றல் எல்லாம் இப்போது சட்டத்தில் போய் அடைந்துகொண்டிருந்தது. அந்த நிலையில் ஆப்பு திடீரென விட்டால் சட்டமே துள்ளும்.

அவர் இறங்கி வந்து திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தினார். தட்டின் விளிம்பில் படும்படி ஒரு பழைய பாக்ஸ் ஸ்பேனரை நேராக நிறுத்தி, அதன் தலையில் பிளாஸ்டிக் சுத்தியலால் அளவாக ஒரு தட்டு. ‘டக்’ என்று ஓர் ஓசை. ஆப்பின் ஒட்டல் விட்டது. மறுபடி திருகை முடுக்கியபோது தட்டு எண்ணெயில் வழுக்குவதுபோல இறங்கியது. லாக் இரண்டும் ஆயிலில் பளபளத்துக்கொண்டு வெளியே வந்தன. பையன் அவற்றைக் காந்தக் குச்சியில் எடுத்து, அட்டையில் முன்பே போட்டு வைத்திருந்த ‘1 உறிஞ்சு’ என்ற துளையில் வால்வோடு சேர்த்து வைத்தான். ஒவ்வொரு வால்வும் தன் இருக்கையோடு பல ஆண்டு சேர்ந்து தேய்ந்தது. இடம் மாற்றிப் போடக்கூடாது.

பழைய சீலை இடுக்கியால் திருகி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார் அவர். ரப்பர் என்று சொல்ல முடியாது. நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் போல ஒடிந்தது. உள்விளிம்பு முழுக்கக் கீறல். புதிய சீலை ஆயிலில் தோய்த்து விரலால் அழுத்தினார். ‘கிளிக்’ என்று உட்கார்ந்தது. வால்வுத் தண்டின் பள்ளத்தின் கூர்விளிம்பு புதுச் சீலைக் கிழித்துவிடாமல் இருக்க, தண்டு முனையில் மெல்லிய பிளாஸ்டிக் உறையைப் போட்டுவிட்டு நுழைக்கவும் சொன்னார்.

திரும்பப் பூட்டுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. லாக்கின் உட்பக்கத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் அது தண்டோடு ஒட்டி நிற்கும். இரண்டும் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே திருகைத் தளர்த்த வேண்டும். வில்லில் சுற்றுகள் நெருக்கமாக உள்ள பக்கம் இருந்தால் அது ஹெட்டை நோக்கி, கீழே இருக்க வேண்டும். அசையும் பக்கத்தில் எடை குறைவாக இருக்கவும், அதிவேகத்தில் வில்லுக்குள்ளேயே அலை எழும்பித் துள்ளாமல் இருக்கவும் செய்த ஏற்பாடு அது. எல்லாம் முடிந்ததும், ஹெட்டை மரக்கட்டைமேல் வைத்து, துணியால் மூடி, ஒவ்வொரு தண்டின் முனையிலும் பிளாஸ்டிக் சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். அரைகுறையாக உட்கார்ந்த லாக் அப்போதே துணிக்குள் தெறித்துவிடும். ஓடும் என்ஜினில் அது தெறித்தால், வால்வு சிலிண்டருக்குள் விழும். பிஸ்டனும் ஹெட்டும் போய்விடும்.

மலிவு என்பதில் குறை எது?

விலை குறைந்த கருவியில் என்ன குறையும்? விசை குறையாது, திருகின் கணக்கு விலையைப் பார்ப்பதில்லை. குறைவது நேர்த்தி. சட்டத்தின் இரண்டு முனைகளும் ஒரே கோட்டில் இராது. வளையம் தடித்திருக்கும், லாக்கை எடுக்க இடம் விடாது. திருகின் முனையில் பிசிறு இருக்கும். வால்வின் முகத்தைக் கீறிவிடும்.

இவற்றில் முதலாவதுதான் ஆபத்தானது. விசை 10 டிகிரி சாய்ந்து இறங்கினால், 450 நியூட்டனில் 78 நியூட்டன் பக்கவாட்டில் போகும். ஏறக்குறைய 8 கிலோ, மெல்லிய வால்வுத் தண்டைப் பக்கவாட்டில் தள்ளுகிறது என்று பொருள். தண்டு வளையலாம், வளையம் தட்டிலிருந்து வழுக்கலாம். பறப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

எனவே வாங்கியதும் ஒரு மரத்துண்டைக் கவ்வ வைத்து முடுக்கிப் பாருங்கள். இரண்டு முனைகளும் எதிரெதிரே நேராக நிற்கின்றனவா? முடுக்கும்போது சட்டம் முறுகுகிறதா? முறுகினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நேராக நின்றால், பிசிறை அரத்தால் தேய்த்து, புரியில் கிரீஸ் தடவி, வேலையைத் தொடங்கலாம். 100 சிசி பைக்கின் சிறிய ஹெட்டுக்குக் காரின் வளையம் பெரிதாக இருக்கும். லேத் பட்டறையில் ஒரு இரும்புக் குழாய்த் துண்டை வாங்கி, பக்கவாட்டில் இரண்டு சன்னல் வெட்டச் சொன்னால், அதைத் தட்டுக்கும் வளையத்துக்கும் இடையில் வைத்து அமுக்கலாம். லாக்கைச் சன்னல் வழியே எடுக்கலாம். கோயம்புத்தூர் உக்கடத்தின் பழைய இரும்புக் கடைகளில் இதற்கேற்ற குழாயைத் தேடி எடுப்பது பாலக்காட்டுக்காரர்களுக்குப் புதிதல்ல.

‘சி’ வகைக் கருவிக்கு ஓர் எல்லை உண்டு. வால்வின் தலையைத் தொட வேண்டும் என்பதால் ஹெட்டைக் கழற்றியே ஆகவேண்டும். சீலை மட்டும் மாற்ற, ஹெட்டைக் கழற்றாத வழியும் இருக்கிறது. அந்தச் சிலிண்டரின் இரு வால்வும் மூடியிருக்கும் கம்ப்ரஷன் ஏற்றத்தில், பிஸ்டன் கீழே இருக்கும்போது, ஸ்பார்க் பிளக் துளை வழியே பிரியாத நைலான் கயிற்றை உள்ளே திணிக்க வேண்டும். நுனியில் முடிச்சிட்டு வெளியே விட்டுவைக்க வேண்டும். பிறகு கையால் என்ஜினைச் சுற்றினால் பிஸ்டன் கயிற்றை மேலே தள்ளி, கயிறு வால்வைத் தாங்கிப் பிடிக்கும். வால்வுகளைத் தள்ளும் ராக்கர்களை எடுத்துவிட்டு, மேலிருந்து அமுக்கும் நெம்புகோல் வகையால் வில்லை இறக்கலாம். ஆயில் இறங்கும் துளைகளை முதலில் துணியால் அடைத்துவிடுங்கள். அதற்குள் விழுந்த லாக்கை எடுக்க ஆயில் தொட்டியைக் கழற்ற வேண்டிவரும்.

இருக்கையும் சாட்சியும்

ஹெட் கையில் இருக்கும்போதே வால்வு சரியாக உட்காருகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. காற்றுப் போகும் துளைக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி ஐந்து நிமிடம் வையுங்கள். வால்வின் விளிம்பில் கசிவு தெரிந்தால் உரச வேண்டும். உறிஞ்சு கோப்பை உள்ள குச்சியை வால்வில் ஒட்டி, விளிம்பில் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, மத்துக் கடைவதுபோல இரு கையாலும் முன்னும் பின்னும் சுழற்றுவதுதான் உரசல். பேஸ்ட்டில் இருக்கும் துகள் பெரும்பாலும் சிலிக்கன் கார்பைடு. 1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் ஆச்சிசன் மின்னுலையில் கண்டெடுத்து, கார்போரண்டம் என்று பெயரிட்ட பொருள். அந்தப் பெயரையே தாங்கி 1954இல் சென்னையில் தொடங்கிய நிறுவனம் இன்றும் உரசு பொருள்களைச் செய்கிறது. வால்வின் விளிம்பைச் சுற்றி மங்கிய சாம்பல் நிறத்தில் அறுபடாத ஒரு வளையம் தெரிந்தால் வேலை முடிந்தது. பேஸ்ட்டின் ஒரு துகள்கூட மிஞ்சாமல் கழுவ வேண்டும். எஃகைத் தேய்த்த துகள் பேரிங்கையும் தேய்க்கும்.

வில்லையும் அளந்து பாருங்கள். வெர்னியரால் அதன் தளர்நிலை நீளத்தை அளந்து, வண்டியின் கையேட்டில் உள்ள எல்லையோடு ஒப்பிடுங்கள். மூலைமட்டத்தின் அருகே நிறுத்தி, சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். குறுகிய வில்லும் சாய்ந்த வில்லும் திரும்ப ஹெட்டுக்குள் போகக்கூடாது.

எல்லாம் பூட்டிய பிறகு கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கும்போது, மலைக்காரர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 1500 மீட்டருக்கு மேல் இருக்கும் மூணாறில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. பாலக்காட்டில் 12 காட்டும் என்ஜின் மூணாறில் 10ஐ ஒட்டித்தான் காட்டும். என்ஜினுக்கு நோய் இல்லை, காற்றே மெலிந்திருக்கிறது. சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் இருக்கிறதா என்பதுதான் அங்கே பார்க்க வேண்டியது. ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால், அதில் ஒரு கரண்டி ஆயில் ஊற்றி மீண்டும் பாருங்கள். அளவு ஏறினால் ரிங்; ஏறாவிட்டால் வால்வு.

வீட்டில் செய்யக்கூடாதவையும் உண்டு. வால்வு இருக்கையை வெட்டுவது, வால்வு கைடு மாற்றுவது, வளைந்த ஹெட்டை மட்டம் செய்வது ஆகியவை லேத் பட்டறையின் வேலை. ஹெட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் இல்லாமல், கையேட்டின் வரிசை பார்க்காமல் முடுக்குவது எவருக்கும் ஆகாது.

பிரித்துப் பார்த்தவர்

இந்த எல்லையோரத்துக்கு என்ஜினைப் பிரித்துப் பார்க்கும் மரபு புதிதல்ல. 1893இல் கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு, இளமையில் ஒரு ஆங்கில அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, கோயம்புத்தூருக்குப் போய் உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, அதை வாங்கினார். பகுதி பகுதியாகப் பிரித்து, திரும்பப் பூட்டி, அதன் வழியே பொறியைக் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டத் தொடங்கினார். பாலக்காட்டு எல்லை அங்கிருந்து சிறிது தூரம்தான். 1937இல் டி. பாலசுந்தரத்தோடு சேர்ந்து இந்தியாவிலேயே உருவான மின்மோட்டாரைக் கொண்டு வந்தார். பள்ளிப் படிப்பு அவருக்கு மிகக் குறைவு. அவருக்குப் பாடநூல், பிரித்து வைத்த அந்த வண்டிதான்.

அவர் காலத்தில் பொறியைப் பிரித்துப் பார்க்க ஒரு வண்டியின் விலை வேண்டியிருந்தது. இன்று ஒரு சுருள்வில், ஒரு ஆப்பு, ஒரு திருகு மூன்றையும் கையில் எடுத்துக் கற்கச் சில நூறு ரூபாய்க் கருவி போதும். சட்டம் நேராக இருக்கட்டும், விசை நேராக இறங்கட்டும், கண்ணுக்குக் கண்ணாடி இருக்கட்டும். இந்த மூன்றும் இருந்தால் மலிவான கம்ப்ரஸர் நல்ல கருவி. இல்லையென்றால் விலையுயர்ந்ததும் கெட்ட கருவிதான்.

அடுத்த முறை மலை இறங்கி முடித்ததும் கண்ணாடியில் நீலப் புகை தெரிந்தால், வண்டியைப் பழைய இரும்புக்குப் போட அவசரப்படாதீர்கள். பெருவிரல் நுனி அளவுள்ள ஆறு ரப்பர் சீல்கள் இறுகி வெடித்திருக்கலாம், அவ்வளவுதான்.